கண்ட்ரோல் பிட் வழியாக ஸ்லாம்: டூப்ளிகேட் பிரிட்ஜ் ஆடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்லாம் என்பது 12 டிரிக் (ஸ்மால்) அல்லது 13 டிரிக்கும் (கிராண்ட்) எடுப்பதாக ஏலம் சொல்வது. மேஜர் என்றால் ஸ்பேட், ஹார்ட்; மைனர் என்றால் டயமண்ட், கிளப். கீழே வரும் உதாரணங்களில் ஐந்து சீட்டு மேஜர் (மேஜர் திறக்க அந்தச் சூட்டில் ஐந்து சீட்டு வேண்டும்), 2/1 கேம் ஃபோர்ஸ் (திறந்தவருக்கு இரண்டாம் லெவலில் புதுச் சூட் சொன்னால் கேமுக்குக் கீழே நிற்கக் கூடாது), 1430 கீ கார்டு பிளாக்வுட் (4 நோ டிரம்ப் சொல்லி, நான்கு ஏஸும் துருப்பு கிங்கும் சேர்ந்த ஐந்து கீ கார்டில் எத்தனை என்று கேட்பது; 5♣ என்றால் ஒன்று அல்லது நாலு) ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். எதிரணி பேசியதாகச் சொல்லாத இடத்தில் அவர்கள் பாஸ்.

கண்ட்ரோல் பிட் என்பது என்ன?

துருப்பு எது என்று முடிவான பிறகு, வேறொரு சூட்டைச் சொல்லி, "இந்தச் சூட்டில் எதிரணி தொடர்ந்து இரண்டு டிரிக் எடுத்துவிட முடியாது, நான் தடுப்பேன்" என்று பார்ட்னருக்குத் தெரிவிப்பது. ஏஸ் இருந்தாலோ அந்தச் சூட்டே கையில் இல்லாவிட்டாலோ அது முதல் சுற்றுக் கண்ட்ரோல். கிங் அல்லது ஒற்றைச் சீட்டு இரண்டாம் சுற்றுக் கண்ட்ரோல். குயின்-ஜாக் எத்தனை இருந்தாலும் கண்ட்ரோல் ஆகாது. பழைய ஆட்டக்காரர்கள் இதையே கியூ பிட் என்பார்கள். எதிரணியின் சூட்டைச் சொல்லி இரண்டு சூட் காட்டும் மைக்கேல்ஸுக்கும் அதே பெயர் வழங்குவதால் குழப்பம் வரும். இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல.

ஏஸ் எண்ண பிளாக்வுட் இருக்கும்போது இது எதற்கு?

பிளாக்வுட் எண்ணிக்கையைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. இந்தக் கையைப் பாருங்கள்:

♠ ஏஸ் கிங் ஜாக் 8 5
♥ கிங் குயின் 5
♦ 7 3
♣ ஏஸ் குயின் 6

நீங்கள் 1♠ திறந்தீர்கள். பார்ட்னர் 3♠ சொன்னார், அதாவது நாலு சீட்டு ஆதரவோடு கேமுக்கு அழைப்பு. 19 பாயிண்ட் (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1) இருக்கிறதே என்று உடனே 4 நோ டிரம்ப் சொன்னால், அவர் 5♣ சொல்லி ஒரு கீ கார்டு காட்டுவார். உங்களிடம் மூன்று, அவரிடம் ஒன்று, வெளியே ஒன்றே ஒன்று. 6♠ சொல்லத்தான் தோன்றும். இப்போது பார்ட்னரின் கை இப்படி இருந்தால்?

♠ குயின் 10 6 4
♥ ஏஸ் 8 3
♦ குயின் ஜாக் 5
♣ கிங் 8 4

12 பாயிண்ட், அழகான கை. எதிரணி ♦ ஏஸ், ♦ கிங் இரண்டையும் வரிசையாக எடுத்துக்கொள்ளும். ஸ்லாம் ஒன்று குறையும். 5♠கூட மயிரிழையில்தான் தப்பும், ஐந்து ஸ்பேட், மூன்று ஹார்ட், மூன்று கிளப் என்று சரியாக 11 டிரிக்.

பிளாக்வுடுக்குப் பதில் 4♣ சொல்லியிருந்தால், டயமண்டில் கண்ட்ரோல் இல்லாத பார்ட்னர் 4♦-ஐத் தாண்டி 4♥ சொல்லியிருப்பார். உங்களுக்கும் அங்கே ஒன்றுமில்லை. 4♠ சொல்லி நின்றுகொள்ளலாம்.

மாறாகப் பார்ட்னரிடம் இந்தக் கை:

♠ குயின் 10 6 4
♥ ஏஸ் 8 3
♦ 5
♣ கிங் 8 4 3 2

பாயிண்ட் ஒன்பதே. ஆனால் 4♣-க்கு இவர் 4♦ சொல்வார். ஹார்ட்டை நீங்களே பார்த்துக்கொள்கிறீர்கள். இப்போது 4 நோ டிரம்ப் கேட்பதில் பயமில்லை. 5♣ வந்ததும் 6♠. ஐந்து ஸ்பேட், மூன்று ஹார்ட், மூன்று கிளப், டம்மியில் (மேசையில் விரித்து வைக்கும் பார்ட்னர் கையில்) துருப்பால் ஒரு டயமண்ட் வெட்டு என 12 டிரிக். ஒன்பது பாயிண்ட் கையில் ஸ்லாம் ஆகிறது, 12 பாயிண்ட் கையில் ஆகவில்லை. பாயிண்டைக் கூட்டிப் பார்த்தே ஸ்லாமுக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு கைகளையும் மேசையில் விரித்து ஒருமுறை ஆடிப் பார்ப்பது நல்லது.

ஒரு பிட் கண்ட்ரோலா, உண்மையான சூட்டா என்று எப்படி அறிவது?

துருப்பு முடிவாகியிருக்க வேண்டும். கேமுக்குக் கீழே நிற்க முடியாத நிலை வந்திருக்க வேண்டும். மேஜர் துருப்பு என்றால் இந்த இரண்டும் போதும். 1♠–3♠–4♣ கண்ட்ரோல்தான், கிளப் சூட் அல்ல.

1♠–2♠–3♣ கண்ட்ரோல் அல்ல. அது கேமுக்கு உதவி கேட்கும் பிட், ஏனெனில் 3♠-இல் இன்னும் நிற்கலாம். மைனர் துருப்பானால் மூன்றாம் லெவலில் வரும் சூட் எல்லாம் முதலில் 3 நோ டிரம்புக்கான ஸ்டாப்பர் (எதிரணி அந்தச் சூட்டை ஓட்டிவிடாமல் தடுக்கும் சீட்டு) என்றே கொள்ளுங்கள். அதைச் சொன்னவரே பிறகு 3 நோ டிரம்பைத் தாண்டிப் போனால்தான் அவர் ஆரம்பத்திலிருந்தே ஸ்லாம் தேடினார் என்று புரியும்.

வெளிப்படையாக ஆதரவு சொல்லாத இடத்திலும் கண்ட்ரோல் பிட் வரும். 1 நோ டிரம்புக்கு 3♠ என்பது ஸ்லாம் ஆசையுள்ள இயல்பான பிட் என்று ஆடுபவர்களுக்கு, திறந்தவர் சொல்லும் 4♣ ஸ்பேடை ஒத்துக்கொண்டு காட்டும் கண்ட்ரோல். ஸ்பேட் பிடிக்கவில்லை என்றால் அவர் 3 நோ டிரம்ப் சொல்லியிருப்பார்.

முதலில் ஏஸ் மட்டும் காட்ட வேண்டுமா, கிங்கையும் காட்டலாமா?

பழைய முறையில் முதல் சுற்றுக் கண்ட்ரோல்கள் எல்லாம் தீர்ந்த பிறகே கிங். இத்தாலிய முறையில் ஏஸோ கிங்கோ, இல்லாச் சூட்டோ ஒற்றைச் சீட்டோ, எதுவானாலும் கீழிருந்து மேலாக முதலில் வருவதைச் சொல்ல வேண்டும். 1957-க்கும் 1975-க்கும் இடையில் இத்தாலி 13 முறை பெர்முடா பவுல் (உலக அணி சாம்பியன் பட்டம்) வென்ற காலத்தில் இந்த முறை உலகெங்கும் பரவியது. இன்று போட்டி ஆட்டத்தில் பெரும்பாலும் இதுதான்.

எங்கள் பரிந்துரையும் இத்தாலிய முறைதான். பழைய முறையில் ♦ கிங்கைச் சொல்ல இடம் வருவதற்குள் கேம் தாண்டிவிடும். எத்தனை ஏஸ் என்பதை எப்படியும் 4 நோ டிரம்ப் சொல்லிவிடுமே. அதற்கு முன் தெரிய வேண்டியது எந்தச் சூட்டில் ஓட்டை என்பதுதான். இரண்டு முறைகளையும் கலந்து ஆடும் ஜோடிகள்தான் அதிகம் அடி வாங்குகின்றன. ஒருவர் ஏஸைத் தேடிக்கொண்டிருப்பார், மற்றவர் கிங்கைக் காட்டிக்கொண்டிருப்பார்.

தாண்டிப் போன சூட்டுக்கு என்ன பொருள்?

அங்கே கண்ட்ரோல் இல்லை என்று பொருள். சொன்ன பிட்டைவிடச் சொல்லாமல் விட்டதில்தான் சேதி அதிகம். இதிலிருந்து இரண்டு கட்டாயங்கள் பிறக்கின்றன.

1♠–3♠ பிறகு நீங்கள் 4♦ சொன்னால், கிளப்பில் உங்களுக்குக் கண்ட்ரோல் கிடையாது. பார்ட்னருக்கும் கிளப்பில் இல்லையென்றால், அவர் கையில் மற்றதெல்லாம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் 4♠ சொல்லி நிறுத்தியே ஆக வேண்டும். அவர் 4♠-ஐத் தவிர வேறு எது சொன்னாலும், "கிளப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று உறுதி கொடுத்தாகிவிட்டது.

அதிகம் நடக்கும் தவறு இந்த இடத்தில்தான். பார்ட்னர் கிளப்பைத் தாண்டியதைக் கவனிக்காமல், கையில் ♥ ஏஸ் இருக்கிறது என்ற உற்சாகத்தில் 4♥ சொல்லிவிடுவார்கள். பார்ட்னர் நம்பி 4 நோ டிரம்ப் கேட்பார். எதிரணி இறக்கும் முதல் சீட்டே (லீட்) கிளப்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "என் கை சின்னது" என்று நினைத்து, கேட்ட கண்ட்ரோலை வைத்துக்கொண்டே 4♠-இல் நிற்பது. 3♠ சொன்னபோதே உங்கள் கையின் அளவைச் சொல்லியாகிவிட்டது. கேமுக்குக் கீழே இடமிருக்கும்போது கண்ட்ரோல் காட்டுவது கூடுதல் பலம் காட்டுவது ஆகாது.

பார்ட்னர் சொன்ன சூட்டில் எனக்கு ஒற்றைச் சீட்டு. அதைக் கண்ட்ரோலாகக் காட்டலாமா?

வேண்டாம். பார்ட்னர் 2♣ சொல்லியிருந்தால், பிறகு நீங்கள் சொல்லும் 4♣-இல் ஏஸ் அல்லது கிங்கை அவர் எதிர்பார்ப்பார் (குயினுக்கும் சில ஜோடிகள் இடம் கொடுக்கும்). அங்கே டிரிக் கொட்டும் என்று கணக்குப் போடுவார். ஒற்றைச் சீட்டு அவருடைய நீண்ட சூட்டைப் பயனில்லாமல் ஆக்கிவிடும்.

சீரியஸ் 3 நோ டிரம்ப் என்பது என்ன?

அமெரிக்க ஆட்டக்காரர் எரிக் ராட்வெல் உருவாக்கிய ஏற்பாடு. கேம் ஃபோர்ஸ் ஏலத்தில், மூன்றாம் லெவலில் மேஜர் துருப்பு முடிவாகிவிட்டது. எட்டுச் சீட்டு மேஜர் இருக்கும்போது 3 நோ டிரம்ப் ஆட வேண்டிய தேவை அரிது. அதனால் அந்தப் பிட்டை, "நான் நிஜமாகவே ஸ்லாம் தேடுகிறேன், உன் கண்ட்ரோலைக் காட்டு" என்று சொல்லப் பயன்படுத்துகிறார்கள். 3 நோ டிரம்பைத் தாண்டி நேராக 4♣ சொன்னால், "எனக்குப் பெரிய ஆசை இல்லை, உனக்கு இருந்தால் உதவட்டும் என்று காட்டுகிறேன்" என்று பொருள்.

இரண்டையும் திருப்பிப் போட்டு, 3 நோ டிரம்ப் என்றால் ஆசை குறைவு என்று ஆடுவோரும் உண்டு. அதில் ஒரு லாபம்: பார்ட்னருக்கும் ஆசை இல்லையென்றால் ஒரு கண்ட்ரோலும் வெளியே தெரியாமல் 4♠-இல் முடிந்துவிடும். ஹார்ட் துருப்பானால் 3♠-உம் இடையில் வருவதால், 3♠, 3 நோ டிரம்ப் இரண்டில் எது சீரியஸ், எது ஸ்பேட் கண்ட்ரோல் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

லாஸ்ட் டிரெயின் எப்போது தேவைப்படும்?

1♠–3♠–4♦ என்ற அதே ஏலம். பார்ட்னர் கை:

♠ குயின் 10 6 4
♥ 6 3
♦ ஏஸ் ஜாக் 5 2
♣ கிங் 7 3

கேட்ட கிளப் கண்ட்ரோல் இருக்கிறது, அதனால் 4♠ சொல்ல மனம் வராது. ஹார்ட்டில் கண்ட்ரோல் இல்லை, அதனால் 4♥ சொல்ல முடியாது. 5♣ கேமைத் தாண்டிவிடுகிறது. இந்த முட்டுச்சந்துக்குத்தான் லாஸ்ட் டிரெயின். கேமுக்கு ஒரு படி கீழே உள்ள பிட் (ஸ்பேடுக்கு 4♥, ஹார்ட்டுக்கு 4♦) அந்தச் சூட்டில் கண்ட்ரோல் இருப்பதாக உறுதி தராது. "கேட்டது இருக்கிறது, எனக்கு ஆர்வமும் இருக்கிறது, கேமைத் தாண்ட மட்டும் தைரியம் இல்லை" என்று மட்டும் சொல்லும். இதை ஆடினால் ஹார்ட் கண்ட்ரோலைப் பற்றித் திறந்தவரே கவலைப்பட வேண்டும். இரண்டு பேரும் ஒரே பொருளில் ஆடாவிட்டால் இதைத் தொடவே தொடாதீர்கள்.

கண்ட்ரோலில் தொடங்கிக் கிராண்ட் ஸ்லாம் வரை போகும் ஏலம் ஒன்று காட்ட முடியுமா?

திறந்தவர்:
♠ ஏஸ் குயின் 10 7 5 3
♥ 9 4
♦ கிங் குயின் 8
♣ கிங் 5

பார்ட்னர்:
♠ கிங் ஜாக் 6
♥ ஏஸ் 7 2
♦ ஏஸ் 5
♣ ஏஸ் ஜாக் 8 6 4

1♠–2♣, 2♠–3♠. திறந்தவரிடம் 14 பாயிண்ட், அதனால் சீரியஸ் 3 நோ டிரம்ப் இல்லை. 4♣ சொல்கிறார். அது பார்ட்னரின் சூட், எனவே அங்கே பெரிய சீட்டு இருக்கிறது. பார்ட்னரிடம் மூன்று ஏஸும் துருப்பு கிங்கும் இருப்பதால் இனி ஓட்டையைப் பற்றிய கவலை இல்லை. 4 நோ டிரம்ப். 5♣, ஒரு கீ கார்டு. 5♦, துருப்பு குயின் உண்டா? 6♣: உண்டு, ♣ கிங்கும் உண்டு. 6♦: ♦ கிங்? திறந்தவர் 7♠.

நேரடி டிரிக் 12: ஆறு ஸ்பேட், ♥ ஏஸ், மூன்று டயமண்ட், இரண்டு கிளப். வெளியே உள்ள ஆறு கிளப் 3-3 ஆகவோ 4-2 ஆகவோ பிரிந்தால் துருப்பால் வெட்டி ஐந்தாவது கிளப்பை வளர்த்து, அதில் தோற்க வேண்டிய ஹார்ட்டைக் கழற்றிவிடலாம். ♥ ஏஸை அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். வளர்ந்த கிளப்பிடம் போக அதுதான் வழி.

கையில் ஒரு சூட்டே இல்லை. 4 நோ டிரம்ப் கேட்கலாமா?

கேட்டால் வரும் பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். உங்களிடம் இல்லாத ஹார்ட்டின் ஏஸைப் பார்ட்னர் எண்ணிச் சொன்னால் அது வீண். கிளப் ஏஸ் என்றால் தங்கம். இரண்டுக்கும் பதில் ஒன்றே. கண்ட்ரோல் பிட்டில் தொடங்கினால் அவரே இடத்தைக் காட்டுவார். எக்ஸ்க்ளூஷன் ஆடுபவர்கள் ஐந்தாம் லெவலுக்குத் தாவி 5♥ சொல்லி, "ஹார்ட் ஏஸை விட்டுவிட்டு எண்ணு" என்று கேட்கலாம். மறந்துபோனால் 5♥ ஆட நேரிடும் என்பதால் பழகிய ஜோடிக்கு மட்டும்.

என் கண்ட்ரோல் பிட்டை எதிரணி டபுள் செய்தால்?

அது பெரும்பாலும், "இந்தச் சூட்டை லீட் செய்" என்று தன் பார்ட்னருக்குச் சொல்லும் டபுள். ஒரு வசதியான ஏற்பாடு: பார்ட்னர் ரீடபுள் செய்தால் அந்தச் சூட்டில் அவருக்கு முதல் சுற்றுக் கண்ட்ரோல். பாஸ் செய்தால் அங்கே ஒன்றுமில்லை. அப்போது நீங்கள் ரீடபுள் செய்து உங்களுடையது முதல் சுற்று என்று உறுதி செய்யலாம்.

டபுளில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. டம்மியாகப் போகிறவர் ♦ கிங்கை வைத்து 4♦ சொன்னார், அடுத்தவர் டபுள் செய்தார் என்று வைத்துக்கொள்வோம். ஏஸ் டபுள் செய்தவரிடம். அவருடைய பார்ட்னர் லீட் செய்வார், டயமண்ட் டம்மியின் கிங்கைக் கடந்து ஏஸிடம் போகும். கண்ட்ரோல் கண்ணெதிரே கரைந்துவிடும். அதே கையை ♦ கிங் வைத்திருப்பவர் 6 நோ டிரம்பில் ஆடினால் லீட் செய்ய வேண்டியவர் ஏஸ் வைத்திருப்பவரே, கிங் பிழைத்துக்கொள்ளும். வெட்டு இல்லாமல் 12 டிரிக் எண்ண முடிந்தால் மட்டுமே இந்த வழி.

ஐந்தாம் லெவலில் 5♠ சொன்னால் என்ன கேட்கிறார்?

எதிரணி ஏதாவது சூட் சொல்லியிருந்தால் அதில் கண்ட்ரோல் உண்டா என்று. இரண்டு சின்ன சீட்டோ அதற்கு மேலோ இருந்தால் பாஸ். ஒற்றைச் சீட்டுக்கு 6♠, கிங்குக்கு 5 நோ டிரம்ப், முதல் சுற்றுக் கண்ட்ரோலுக்கு எதிரணியின் சூட்டையே ஆறாம் லெவலில் சொல்வது வழக்கமான பதில் வரிசை. எதிரணி பேசாமல், மூன்று சூட்டிலும் கண்ட்ரோல் வெளிவந்த பிறகு 5♠ வந்தால் கேள்வி துருப்பின் தரத்தைப் பற்றியது.

மைனர் துருப்பானால்?

இடம் குறைவு. கிளப் துருப்புக்கு 4 நோ டிரம்ப் கேட்டு 5♦ வந்தால் 5♣-க்குத் திரும்ப முடியாது. துருப்புக்கு அடுத்த சூட்டை நான்காம் லெவலில் சொல்லிக் கீ கார்டு கேட்கும் கிக்பேக் இதற்குத் தீர்வு. ஆனால் அந்தச் சூட்டின் கண்ட்ரோலைக் காட்ட 4 நோ டிரம்பைப் பயன்படுத்த வேண்டும் என்பதும் சேர்ந்தே வரும்.

எத்தனை சதவீத வாய்ப்பு இருந்தால் ஸ்லாம் சொல்லலாம்?

டீம் ஆட்டத்தில் ஸ்மால் ஸ்லாமுக்குப் பாதிக்குப் பாதி போதும். வல்னரபிள் (போனஸும் தண்டமும் கூடும் நிலை) இல்லாதபோது 6♠ ஆனால் 980, மற்ற மேசையில் 4♠ சொல்லி 12 எடுத்தால் 480. வித்தியாசம் 500, அதாவது 11 இம்ப் (இரு மேசைகளின் ஸ்கோர் வித்தியாசத்தை மாற்றிக் கணக்கிடும் டீம் ஆட்டப் புள்ளி). ஒன்று குறைந்து மற்ற மேசை 450 எடுத்தால் இழப்பும் அதே 500. வல்னரபிளில் இரண்டு பக்கமும் 13 இம்ப்.

கிராண்டுக்குக் கணக்கு வேறு. வல்னரபிள் இல்லாதபோது 11 இம்ப் லாபத்துக்காக 14 இம்பைப் பணயம் வைக்கிறீர்கள். 56 சதவீதம் தேவை. மற்ற மேசை ஸ்மால் ஸ்லாமையே சொல்லாமல் போகும் சாத்தியத்தையும் சேர்த்தால், டிரிக்கை 13 வரை எண்ண முடியாதபோது 6-இல் நிற்பதே நல்லது. மேட்ச்பாயிண்ட் (அதே கையை ஆடிய மற்ற ஜோடிகளோடு ஒப்பிட்டுப் புள்ளி தரும்) ஜோடி ஆட்டத்தில் இந்த எண்களைவிட, அறையில் எத்தனை பேர் ஸ்லாம் சொல்வார்கள் என்ற ஊகம் முக்கியம். பாயிண்ட் குறைவான, பொருத்தத்தால் வரும் ஸ்லாமைப் பலர் தவறவிடுவார்கள். அங்கே 6♠ சொன்னாலே பெரும்பங்கு கிடைக்கும்.

இத்தனையும் காட்டினால் எதிரணிக்கும் தெரிந்துவிடாதா?

தெரியும். 4♣, 4♥ என்று போய் 4♠-இல் நின்றால் டயமண்ட் லீட் நிச்சயம். பார்ட்னர் எதைச் சொன்னாலும் உங்கள் முடிவு மாறாது என்றால் கண்ட்ரோல் காட்டாதீர்கள். நேராக 4♠ அல்லது 4 நோ டிரம்ப்.

யோசித்து யோசித்து 4♠ சொல்லி நின்றேன். பார்ட்னர் மேலே போனார். டைரக்டர் ஸ்கோரை மாற்றிவிட்டார். ஏன்?

நீங்கள் தயங்கியதே "எனக்கு இன்னும் ஆசை இருக்கிறது" என்று சொல்லிவிட்டது. சட்டம் 16-இன்படி அது அனுமதியில்லாத தகவல். பாஸ் செய்வதும் நியாயமான தேர்வாக இருந்த கையை வைத்துக்கொண்டு, தயக்கம் காட்டிய திசையில் பார்ட்னர் போகக் கூடாது. கண்ட்ரோல் ஏலத்தில் இது அடிக்கடி வரும். எனவே பார்ட்னர் 4♣ சொல்வதற்கு முன்பே, அவர் என்ன சொன்னால் என்ன பதில் என்று யோசித்து வையுங்கள். எல்லா பிட்டையும் ஒரே வேகத்தில் வைக்கப் பழகுங்கள்.

அலர்ட் (பார்ட்னரின் பிட்டுக்குச் சிறப்புப் பொருள் உண்டு என்று எதிரணிக்கு அறிவிப்பது) தேவையா? பார்ட்னர் தவறாக விளக்கிவிட்டால்?

உலக பிரிட்ஜ் சம்மேளனத்தின் விதியில், பார்ட்னர்களை ஒருவருக்கொருவர் மறைக்கும் திரை இல்லாத ஆட்டத்தில், ஏலத்தின் முதல் சுற்றில் வரும் செயற்கை பிட் நீங்கலாக நான்காம் லெவலிலும் மேலேயும் அலர்ட் கிடையாது. சீரியஸ் 3 நோ டிரம்புக்கு உண்டு. உள்ளூர் விதி வேறாக இருக்கலாம், டைரக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எதிரணி தன் முறை வரும்போது விளக்கம் கேட்டால், "கிளப்பில் முதல் அல்லது இரண்டாம் சுற்றுக் கண்ட்ரோல், டயமண்டில் இல்லை" என்று தாண்டியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பார்ட்னர் தவறாக விளக்கி, ஆடப் போவது உங்கள் பக்கம் என்றால், கடைசி பாஸுக்குப் பிறகு, முதல் லீடுக்கு முன் டைரக்டரை அழைத்து நீங்கள் திருத்த வேண்டும். தடுக்கும் பக்கமாக இருந்தால் ஆட்டம் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது.